குளச்சல் ரோட்டு மீன் சாப்பாட்டுக் கடை: ருசி இந்த ஊர், விலை உலகம் சுற்றி வருகிறது

விலை கூடுதல்தான், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கடையைப் பற்றி யாரிடம் கேட்டாலும் ‘மீன்கறி கொள்ளாம், ஆனா விலை…’ என்று ஒரு இழுப்பு இழுப்பார்கள். 2021 கடைசியில் 90 ரூபாய்க்குக் கிடைத்த மீன் சாப்பாடு இப்போது 150. மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளி) சாளைக்கறியும் (மத்தி மீன்) 40 ரூபாயாக இருந்தது 80 ஆகிவிட்டது. பொரித்த மீனுக்குத் தனிக் காசு. பப்படம் முன்பெல்லாம் கேட்காமலே இரண்டு வைப்பார்கள், இப்போது அதற்கும் 5 ரூபாய் கணக்கில் ஏறுகிறது. ருசியை மட்டும் எழுதிவிட்டுப் போகலாம், ஆனால் எல்லோரும் குறை சொல்வது அந்த 60 ரூபாயைத்தான். அது எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் கிளறிப் பார்த்ததில் எழுத்து நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடை, கன்னியாகுமரி மாவட்டத்தில், திங்கள்நகரிலிருந்து குளச்சல் போகிற ரோட்டில், குளச்சலுக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிறது. ஓட்டுக் கட்டடம், முன்னால் தகரச் சாய்ப்பு. பெயர்ப் பலகை கிடையாது. ‘குவைத்துக்காரர் கடை’ என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் கை காட்டும்.

மீன் அன்றன்று காலையில் குளச்சலில் ஏலம் எடுத்தது. ஐஸ் பெட்டி மீனை அவர் தொடுவதில்லை, அதை நம்பலாம், ஏனென்றால் மீன் கிடைக்காத நாளில் ‘இன்னைக்கு முட்டைதான்’ என்று வாசலிலேயே சொல்லி அனுப்பிவிடுகிறார். சம்பா அரிசிச் சோறு, குழையாமல் பருக்கை பருக்கையாக. மாங்காய் போட்ட சாளைக்கறி, தேங்காயை வெண்ணெய் மாதிரி அரைத்து வைத்தது, புளி தூக்கலும் இல்லை, காரம் மூக்கில் ஏறவும் இல்லை. சூரை கிடைக்கிற நாளில் தேங்காய் இல்லாத சிவப்புக் கறி ஒன்று வைப்பார்கள், அது முந்தின நாள் வைத்ததாக இருந்தால் இன்னும் விசேஷம். துவரன் (தேங்காய் போட்ட பொரியல்) அன்றைக்கு எந்தக் காய் மலிவோ அது. மோர் தண்ணீர் மாதிரி இருக்கும், அதைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை.

ஆனால் இந்தக் கடைக்கு வந்துவிட்டுச் சோறு மட்டும் தின்றுவிட்டுப் போகிறவர்கள் பாவப்பட்டவர்கள். மரச்சீனிக் கிழங்கை உப்புப் போட்டு அவித்து, தண்ணீரை வடித்து, தேங்காயும் சீரகமும் பச்சை மிளகாயும் மஞ்சளும் சதைத்துப் போட்டு, மசித்தும் மசியாமலும் ஒரு பக்குவத்தில் வாழை இலையில் கொட்டி, அதன் நடுவில் குழி பறித்து மீன்கறியை ஊற்றித் தருவார்கள். இதற்காகத்தான் நான் போகிறேன்.

சரி, விலை. கல்லாவுக்குப் பின்னால் ஒரு தகர போர்டு தொங்குகிறது. விலை ஏறும்போதெல்லாம் கடைக்காரர் பழைய ஸ்டிக்கரைக் கிழிக்க மாட்டார், அதன் மேலேயே புதுசை ஒட்டிவிடுவார். மழைக்காலத்தில் ஈரம் ஏறி ஓரம் கிளம்பும்போது பார்த்தால் உள்ளே அடுக்கடுக்காகப் பழைய விலைகள் தெரிகின்றன. ஒரு நாள் கூட்டம் குறைந்த நேரத்தில், ‘அண்ணாச்சி, இத்தனை தடவையா ஏத்தினீங்க?’ என்று கேட்டேன். மனிதர் கோபப்படவில்லை. எழுந்துவந்து விரலை வைத்து ஒவ்வொன்றாகச் சொன்னார்: ‘இது உக்ரைன். இதுவும் உக்ரைன், ஆனா கேஸு. இது செங்கடல். இது எண்ணெய். நானாட்டு ஏத்தினது ஒண்ணும் இல்ல மக்களே, கேட்டியா.’

அவர் சொன்னதை அப்படியே விழுங்கிக்கொள்ள வேண்டியதில்லை, ஆனால் முதல் இரண்டு ஸ்டிக்கரும் உண்மை. 2022 பிப்ரவரி 24-ஆம் தேதி ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தது. அப்போது உலகத்திலேயே அதிகமாகச் சூரியகாந்தி எண்ணெய் ஏற்றுமதி செய்துகொண்டிருந்த நாடு உக்ரைன், நாம் இறக்குமதி செய்த சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பங்கு அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது, மிச்சத்தில் பெரும்பங்கு ரஷ்யாவிலிருந்து. கருங்கடல் துறைமுகங்கள் அடைபட்டன. நம் நாடு தன் சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளியிலிருந்து வாங்குகிற நாடு, அதனால் சூரியகாந்தி கிடைக்காதவர்கள் எல்லோரும் பாமாயில் பக்கம் பாய்ந்தார்கள். அதன் விலையும் ஏற, இந்தோனேசியா தன் ஊர் ஜனங்களுக்கு எண்ணெய் காணாது என்று 2022 ஏப்ரல் 28 முதல் மே 23 வரை பாமாயில் ஏற்றுமதியையே நிறுத்தி வைத்தது. இந்தக் கடையில் கறிக்குத் தேங்காய் எண்ணெய், ஆனால் மீன் பொரிப்பதும் சாயங்காலம் ஏத்தன் (நேந்திரன்) பழ பஜ்ஜி போடுவதும் பாமாயிலில்தான், இந்த வட்டாரத்தில் எல்லாக் கடையும் அப்படித்தான். கீவ் நகரத்தில் குண்டு விழுந்தால் குளச்சலில் பழ பஜ்ஜி 10 ரூபாயிலிருந்து 12 ஆகும் என்பதை எந்தத் தொலைக்காட்சி விவாதத்திலும் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

பஜ்ஜிக்குள் இருக்கிற பழத்திலும் அந்தப் போர் இருக்கிறது. ஏத்தன் வாழைக்குப் பொட்டாஷ் நிறைய வேண்டும், குலை திரண்டு வர அதுதான் உரம். நம் நாட்டில் பொட்டாஷ் தாது வெட்டி எடுப்பது கிடையாது, உரம் மொத்தமும் வெளியிலிருந்துதான் வருகிறது. ரஷ்யாவும் பெலாரஸும் சேர்ந்தால் உலகப் பொட்டாஷில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். பெலாரஸ் மேல் போட்ட தடையும் அப்புறம் போரும் சேர்ந்து, 2022-இல் 50 கிலோ மூட்டை 1,700 ரூபாய்க்குப் போனது. வாழை போட்டிருக்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், அந்த வருஷத்தை இன்னும் திட்டுவார்கள்.

இரண்டாவது ஸ்டிக்கர் கேஸ். வீட்டு சிலிண்டர் விலை ஏறினால் ஊரே பேசும், கடைக்கு வாங்குகிற 19 கிலோ சிலிண்டரைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள், மானியமும் கிடையாது. 2022 மே 1-ஆம் தேதி சென்னையில் அதன் விலை 2,508 ரூபாய். இங்கே அதற்கு மேல் வண்டிக் கூலி. அந்த மாதம் அவர் மறுபடியும் விறகு அடுப்பை மூட்டினார், கிழங்கு அவிக்க மட்டும். ரப்பர் விறகு இங்கே எளிதில் கிடைக்கும் என்பதால் சமாளித்தார். மற்ற ஊர்க்காரர்கள் என்ன செய்திருப்பார்களோ. (அந்த நாட்களில் கிழங்கில் லேசான புகை மணம் இருந்தது, எனக்கு அது பிடித்தும் இருந்தது, அதை அவரிடம் சொன்னால் திரும்ப விலையை ஏற்றிவிடுவார்.)

பரோட்டாவுக்கும் அதே வருஷம்தான் சனி பிடித்தது. ரஷ்யாவும் உக்ரைனும் கோதுமை ஏற்றுமதியில் பெரிய கைகள். அவர்கள் கோதுமை வராமல் போனதும் உலகம் நம்மிடம் வந்தது, இங்கேயோ மார்ச் மாத வெயிலில் வடக்கே கதிர் சுருங்கிப்போயிருந்தது, மே 13-ஆம் தேதி அரசு கோதுமை ஏற்றுமதியைத் தடை செய்தது. அதற்குள் மைதா மூட்டை ஏறிவிட்டது. பரோட்டா விலையை இவர் ஏற்றவில்லை, அளவைக் குறைத்தார். வேண்டுமானால் இதை ஏமாற்று என்று சொல்லுங்கள். எனக்கென்னவோ விலையைக் கூட்டுவதை விட இதுதான் எரிச்சல். கூட்டின விலை கண்ணுக்குத் தெரிகிறது. சிறுத்துப்போன பரோட்டாவை எந்த போர்டிலும் எழுதுவதில்லை.

மூன்றாவது ஸ்டிக்கர், ‘செங்கடல்’. இங்கேதான் எனக்கும் அவருக்கும் தகராறு. 2023 நவம்பரில் ஏமன் நாட்டு ஹூத்திகள், காசா போரைச் சொல்லி, செங்கடலில் கப்பல்களைத் தாக்க ஆரம்பித்தார்கள். ஐரோப்பாவுக்குப் போகிற கப்பல்கள் சூயஸ் கால்வாயை விட்டுவிட்டு ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போயின, அதற்குப் பத்துப் பதினைந்து நாள் கூடுதல், வாடகையும் கூடுதல், இன்ஷூரன்ஸும் கூடுதல். இதெல்லாம் உண்மை. ஆனால் சாளையும் அயிலையும் செங்கடல் வழியாகவா குளச்சலுக்கு வருகின்றன? நம் பக்கத்திலிருந்து அந்த வழியில் போவது கணவாய் மீன். ஸ்பெயின்காரனும் இத்தாலிக்காரனும் நம் கணவாயை விரும்பித் தின்பவர்கள். கப்பல் வாடகை ஏறினால் ஏற்றுமதி வியாபாரி தன் லாபத்தில் கை வைப்பானா, ஏலத்தில் விலையைத் தாழ்த்திக் கேட்பான். அப்படித்தான் நடந்தது என்று கடைக்காரரே அன்றைக்கு வாய் தவறிச் சொல்லிவிட்டார். அப்படியானால் கணவாய் ரோஸ்ட்டின் விலை அந்தக் காலத்தில் இறங்கியிருக்க வேண்டும் அல்லவா? கேட்டேன். ‘வெங்காயம் விலை உனக்குத் தெரியுமா?’ என்றார். வெங்காயத்துக்கும் செங்கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க வாயெடுத்தேன், அதற்குள் அவருக்குக் கல்லாவில் வேலை வந்துவிட்டது.

நான்காவது ஸ்டிக்கரில் போருக்குப் பங்கே இல்லை. 2025-இல் தேங்காய் எண்ணெய் லிட்டர் 400 ரூபாயைத் தாண்டியதற்குக் காரணம் நம் தென்னை காய்க்காததுதான். நோய், வெயில், வெள்ளை ஈ, காய்ப்புக் குறைவு. ஈத்தாமொழித் தேங்காய்க்குப் பேர்போன மாவட்டத்தில் துவரனில் தேங்காய் குறைந்துபோன வருஷம் அது. அவரும் அதை எந்தப் போரின் தலையிலும் கட்டவில்லை, நியாயமாகச் சொன்னார்.

ஆக நாலு ஸ்டிக்கரில் இரண்டு உண்மையான போர்ச் செலவு, ஒன்று போரைச் சாக்கு வைத்தது, ஒன்று வேறு காரணம். நாட்டுக்கணக்கிலும் இதே கலவைதான் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. போரால் ஏறின விலை போர் ஓய்ந்தாலும் இறங்குவதில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். 19 கிலோ சிலிண்டர் 2025 செப்டம்பரில் சென்னையில் 1,800-க்குக் கீழே வந்துவிட்டது, இங்கே கிழங்கு விலை ஒரு ரூபாய் இறங்கவில்லை. இதைக் கேட்டதற்கு அவர் கொடுத்த பதிலுக்கு என்னிடம் எதிர்ப்பேச்சு இல்லை: ‘ரஷ்யாக்காரன் தள்ளுபடியில எண்ணெய் தந்தானே, பெட்ரோல் பங்கில விலையை எறக்கினானா?’ அது சரிதான். போருக்கு முன்னால் நம் கச்சா எண்ணெய் இறக்குமதியில் ரஷ்யாவின் பங்கு 2 சதவீதத்தை ஒட்டித்தான் இருந்தது, பிறகு மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது. 2022 மே மாதம் மத்திய அரசு பெட்ரோலுக்கு 8 ரூபாயும் டீசலுக்கு 6 ரூபாயும் வரி குறைத்தது, அதற்கப்புறம் 2024 மார்ச்சில் 2 ரூபாய். அவ்வளவுதான். அந்தத் தள்ளுபடி எண்ணெயைச் சொல்லியே 2025 ஆகஸ்ட் 27-ஆம் தேதி அமெரிக்கா நம் சரக்குகள் மேல் இன்னொரு 25 சதவீத வரி போட்டு மொத்தம் 50 ஆக்கியது, இறால்காரர்களும் முந்திரிக்காரர்களும் தலையில் கை வைத்தார்கள். நம் மாவட்டத்தில் முந்திரி ஆலைக்குப் போகிற பெண்கள் எத்தனை பேர் என்று தெரிந்தவர்களுக்கு அது எங்கே போய் விடியும் என்று சொல்ல வேண்டியதில்லை.

போர்டில் ஏறாத செலவும் இருக்கிறது, அதுதான் பெரியது. உரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். யூரியா மூட்டை விவசாயிக்கு அதே விலையில்தான் கிடைத்தது, போர் என்று ஒன்று நடந்ததே யூரியா மூட்டைக்குத் தெரியாது. ஆனால் 2022-23-இல் உர மானியத்துக்கு பட்ஜெட்டில் ஒதுக்கியது சுமார் 1.05 லட்சம் கோடி ரூபாய், கடைசியில் ஆனது சுமார் 2.5 லட்சம் கோடி. அதே வருஷம் மத்திய சுகாதாரத் துறைக்கு ஒதுக்கியது சுமார் 86,000 கோடி. வீட்டு சிலிண்டரைக் குறைந்த விலைக்கு விற்ற நஷ்டத்துக்கு எண்ணெய் நிறுவனங்களுக்கு 2022 அக்டோபரில் 22,000 கோடி கொடுத்தார்கள், 2025 ஆகஸ்டில் இன்னொரு 30,000 கோடிக்கு ஒப்புதல் கொடுத்தார்கள். கொடுக்காமல் இருந்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை, கொடுக்காவிட்டால் நம் அடுப்பு அணைந்திருக்கும். ஆனால் அந்தப் பணத்தில் போட்டிருக்க வேண்டிய ரோடும் ஆஸ்பத்திரி வார்டும் போடப்படாமல் போனதற்கு யாரும் ஸ்டிக்கர் ஒட்டுவதில்லை. இந்தக் கடைக்கு வருகிற ரோட்டிலேயே பாருங்கள், குழியில் இறங்காமல் வண்டி வராது. அந்தக் குழிக்கும் உக்ரைனுக்கும் நேர்த் தொடர்பு இருக்கிறது என்று சொன்னால் அது கடைக்காரரின் செங்கடல் கணக்கு மாதிரி ஆகிவிடும், அதனால் விடுகிறேன்.

இனி கிழங்குக்கு வருவோம், ஏனென்றால் இந்தக் கடையில் மிக நல்ல பண்டமான அதுவே ஒரு போரின் மிச்சம். மரச்சீனி இங்கே வந்து ரொம்பக் காலம் ஆகிறது, திருவிதாங்கூர் மகாராஜா விசாகம் திருநாள் 1880-களில் அதைப் பயிரிடச் சொல்லி ஊக்கப்படுத்தினார் என்பது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஆனால் அது வீட்டுக்கு வீடு முழுச்சாப்பாடாக மாறியது இரண்டாம் உலகப் போரில். அன்றைய திருவிதாங்கூரில், நாஞ்சில் நாட்டு நெல் இருந்தும், ஊர் தின்கிற அரிசியில் பாதிகூட உள்ளே விளையாது, பர்மாவிலிருந்து கப்பலில் வந்த அரிசிதான் அடுப்பை எரித்தது. 1942 மார்ச் 8-ஆம் தேதி ஜப்பான்காரர்கள் ரங்கூனைப் பிடித்தார்கள், பர்மா அரிசி நின்றது. ரேஷன் வந்தது, அதிலும் அரிசி காணவில்லை. அந்த வருஷங்களைப் பார்த்த கிழவிகள் எங்கள் ஊரில் இருந்தபோது கேட்டிருக்கிறேன், காலை கிழங்கு, மத்தியானம் கிழங்கு, ராத்திரி வாட்டுக்கிழங்கு, மீன் கிடைத்த நாள் திருநாள். திருவிதாங்கூர் அந்தப் போரை அறிவித்ததும் இல்லை, ஜெயித்ததும் இல்லை, ஆனால் சாப்பாட்டுப் பழக்கத்தையே மாற்றிக்கொண்டது. இப்போது அதே கிழங்கை ‘நாட்டுச் சாப்பாடு’ என்று சுற்றுலாக்காரர்கள் போட்டோ எடுக்கிறார்கள். எடுக்கட்டும், நல்ல கிழங்கு.

கடையும் அப்படித்தான். கடைக்காரர் 1980-களில் குவைத்தில் ஒரு கேட்டரிங் கம்பெனி சமையல்கட்டில் வேலை பார்த்தவர். 1990 ஆகஸ்ட் 2-ஆம் தேதி ஈராக் படை உள்ளே வந்தது. பாலைவனம் வழியாக பஸ்ஸில் ஜோர்டானின் அம்மான் நகரத்துக்கு வந்து, அங்கிருந்து விமானத்தில் பம்பாய். இந்தியா அந்தத் தடவை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை விமானத்தில் கொண்டுவந்தது, ஏர் இந்தியாவின் பெயர் இன்றைக்கும் அதற்காகச் சொல்லப்படுகிறது. விமானம் ஏற்றிவிட்டார்கள் சரி, ஊருக்கு வந்தவனுக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்பது எந்தச் சாதனைப் புத்தகத்திலும் இல்லை. கையிலிருந்த குவைத் தினாரை மாற்ற ஆள் இல்லை, சம்பள பாக்கி போனது போனதுதான், தங்கச்சி கல்யாணம் இரண்டு வருஷம் தள்ளிப்போனது. இங்கே வந்தால் அந்த அக்டோபரில் பெட்ரோலியப் பொருட்கள் மேல் 25 சதவீதம் ‘வளைகுடா சர்சார்ஜ்’. அடுத்த வருஷம் நாட்டின் கையிருப்பு டாலர் இரண்டு மூன்று வாரத்து இறக்குமதிக்குத்தான் காணும் என்ற நிலைமைக்கு வந்து, சுமார் 47 டன் தங்கத்தை இங்கிலாந்து வங்கியிலும் ஜப்பான் வங்கியிலும் அடகு வைக்க வேண்டி வந்தது. அதற்கு முன்பே கடன் முற்றிப்போயிருந்தது என்பது வேறு விஷயம், எண்ணெய் விலை ஏறியதும் வளைகுடாப் பணம் நின்றதும் கடைசித் தள்ளு. அதே 1991-இல் இவரும் பெண்டாட்டியின் தங்கத்தை அடகு வைத்துத்தான் இந்தக் கடையைப் போட்டார்.

ஈராக்கின் எண்ணெய் வருமானத்திலிருந்து பிடித்து, பாதிக்கப்பட்டவர்களுக்குக் கொடுக்க ஐ.நா. ஓர் இழப்பீட்டு ஆணையம் அமைத்தது. குவைத்தையும் ஈராக்கையும் விட்டு ஓடிவந்த தனி ஆளுக்கு 2,500 முதல் 4,000 டாலர் வரை கிடைத்தது. இவருக்கும் வந்தது, வருஷங்கள் கழித்து. இப்போது நாம் உட்கார்ந்து சாப்பிடுகிற பின்கட்டு அந்தப் பணத்தில் எடுத்ததுதான். ஈராக் கடைசித் தவணையைக் கட்டி முடித்தது எப்போது தெரியுமா? 2022 ஜனவரியில். மொத்தம் 5,240 கோடி டாலர். ஒரு போருக்கு முப்பது வருஷம் ஓடிய தவணை முடிந்த அடுத்த மாதம் உக்ரைன் ஆரம்பித்தது.

சமையலறையில் மீன் கழுவி வெட்டுகிற அக்காவைப் பற்றியும் எழுத வேண்டும். வேகமான கை. நெத்திலியை நகத்தாலேயே தலை கிள்ளிப் போடுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அவர் மாப்பிள்ளை, அதாவது புருஷன், ஈரானில் மீன்பிடிப் படகில் இருந்தார். நம் கடற்கரை ஊர்களிலிருந்து ஈரான், பஹ்ரைன், சவூதி, கத்தார் என்று போகாத வீடு குறைவு, ஏஜெண்டுக்குக் கொடுக்க ஒன்றரை லட்சம் ரெண்டு லட்சம் கடன் வாங்கித்தான் போவார்கள், சம்பளம் என்று கிடையாது, பிடிக்கிற மீனில் பங்கு. 2025 ஜூன் 13-ஆம் தேதி இஸ்ரேல் ஈரானைத் தாக்கியது, பன்னிரண்டு நாள் சண்டை. செய்தியில் டெஹ்ரானைக் காட்டினார்கள். இவர் மாப்பிள்ளை தெற்கே கடலோரத்தில், குண்டு விழுகிற இடத்திலிருந்து வெகுதூரம், ஆனால் படகைக் கடலில் இறக்க விடவில்லை. மீன் இல்லை, அதனால் பங்கு இல்லை, தங்கின இடத்தில் சாப்பாட்டுக்குக் கடன். ஈரானில் இன்டர்நெட்டை அணைத்துவிட்டதால் வாட்ஸ்அப்பில் குரலும் இல்லை. ‘அவன் செத்தானா இருக்கானான்னு தெரியாம இருந்தேன், ஆனா குழு லோன்காரி செவ்வாய்க்கிழமை சரியா வந்து நின்னா’ என்றார் அந்த அக்கா. தவணைக்கு வட்டிக்காரரிடம் வாங்கினார், அந்த வட்டி இன்றைக்கும் ஓடுகிறது. மாப்பிள்ளை பத்திரமாகத் திரும்பி வந்துவிட்டார், கையில் ஒன்றும் இல்லாமல். இதைக் கணக்கெழுத எந்தத் துறைக்கும் கட்டம் கிடையாது. ஒரு குடும்பம் பிழைத்ததா என்று பார்த்தால் பிழைத்தது, மீட்புப் பட்டியலில் அவரும் ஒரு எண், அவ்வளவுதான்.

அந்த ஜூன் மாதம் இங்கேயும் மீன் இல்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். மேற்குக் கடற்கரைக்கு ஜூன், ஜூலை இரண்டு மாதமும் விசைப்படகுத் தடைக்காலம். கடைக்கு வள்ளத்து (நாட்டுப் படகு) மீன் கொஞ்சம் வரும், அக்காவுக்கு வேலையும் கொஞ்சம்தான் இருக்கும். கடைக்காரர் அந்த நாட்களில் கூலியைக் குறைக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். அக்காதான் சொன்னார், அவர் இல்லாத நேரம் பார்த்து. செங்கடல் ஸ்டிக்கருக்காக நான் வெட்டின மார்க்கை இதற்காகத் திரும்பப் போடுகிறேன்.

சரி, குறைகள். பொரித்த மீன் துண்டு மெலிந்துகொண்டே வருகிறது, இப்படியே போனால் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் மறுபக்கம் தெரியும். எண்ணெயைச் சாயங்காலம் வரைக்கும் மாற்றுவதில்லை, அதனால் நாலு மணிக்கு மேல் பொரித்தது வாங்காதீர்கள், மத்தியானம் வாங்குங்கள். கை கழுவுகிற இடம் இன்னும் சுத்தமாக இருக்கலாம். ஃபேன் ஒன்று ஓடும், ஒன்று ஓடாது. பரோட்டா சாப்பிடத்தான் வேண்டும் என்றால் ரோட்டில் வேறு நல்ல கடைகள் இருக்கின்றன. ஜிபே எடுப்பார்கள், ஆனால் சில்லறை இருந்தால் அவர் முகம் மலரும்.

கிழங்குக்கும் சாளைக்கறிக்கும் ஐந்துக்கு ஐந்து. சாப்பாட்டுக்கு நாலு. விலைக்கு மூன்று போடுகிறேன், இரண்டு வெட்டியதில் ஒன்று சிறுத்த பரோட்டாவுக்கு, இன்னொன்று இறங்காத கிழங்கு விலைக்கு.

போகிறவர்களுக்கு: பன்னிரண்டரைக்குள் போய்விடுங்கள், இரண்டு மணிக்கு மேல் போனால் சாளை தீர்ந்து ரசம்தான் மிச்சம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வருகிற கூட்டத்தில் இடம் கிடைப்பது கஷ்டம். குளச்சல் கடற்கரையில் 1741-இல் மார்த்தாண்ட வர்மா டச்சுக்காரர்களைத் தோற்கடித்ததற்கு ஒரு வெற்றித் தூண் நிற்கிறது, வெளியூர்க்காரர்கள் அதைப் பார்த்துவிட்டு வந்தால் பசிக்கும். கார் நிறுத்த இடம் இல்லை, எதிரே தேங்காய்க் களத்தில் கேட்டு நிறுத்தலாம். கணவாய் ரோஸ்ட் இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள், இருந்தால் அவரே சொல்வார், விலையைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.